சாக்கடையிலிருந்து மீன்சந்தை வரை: கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில் ஒரு வாரம்

திங்கள் | இறைப்பு நிலையங்கள்

கொல்கத்தாவின் மேற்கு ஓரத்தில் ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஊர் சரிவதோ கிழக்கே. ஆற்றங்கரைதான் மேடு, கிழக்கே போகப் போகப் பள்ளம். அதனால் இந்த ஊர்ச் சாக்கடை ஆற்றுக்குப் போகாமல் எதிர்த்திசையில், ஒரு காலத்தில் உப்பேரிகளாகக் கிடந்த சதுப்புக்குப் போகிறது. முதலில் வித்யாதரி ஆற்றில் கலந்தார்கள். அது வண்டல் படிந்து தூர்ந்துபோய், 1928-இல் செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. பிறகு மாநகராட்சிப் பொறியாளர் பி.என். டே வகுத்த திட்டப்படி, வறண்ட காலத்துச் சாக்கடைக்கு ஒன்று, மழைக்காலப் பெருக்குக்கு ஒன்று என இரண்டு கால்வாய்களை வெட்டி, கிழக்கே வெகுதூரத்தில் குல்டி ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1940-களின் முற்பகுதியில் அந்த வேலை முடிந்தது. வழியில் இருக்கும் குளங்களும் வயல்களும் அந்தக் கால்வாயிலிருந்து தண்ணீர் எடுத்துப் பிழைக்கின்றன. இவைதான் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள். இங்கே மீன் குளத்துக்குப் பேரி என்று பெயர்: சாக்கடையில் பாசி வளரும், பாசியை மீன் மேயும்.

பால்மர் பிரிட்ஜ், டாப்சியா, பாலிகஞ்ச் ஆகிய இடங்களில் இறைப்பு நிலையங்கள் இருக்கின்றன. தரைக்கடியில் வந்து சேரும் சாக்கடையை மேலே ஏற்றித் திறந்த கால்வாயில் விடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறம். கருஞ்சாம்பல். கரைந்த ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தத் தண்ணீரில் இருக்கும் அழுக்கை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் வரப்போகும் நாட்களின் கதை விளங்கும். ஒன்று, அழுகும் பொருள். அதைப் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும், ஆக்சிஜன் கொடுத்தால் போதும். இன்னொன்று, உரச்சத்து. நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவும், பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகவும் கரைந்தே கிடக்கும். இது தொட்டியில் தங்கித் தெளியாது. பாக்டீரியா அழுக்கைத் தின்ற பிறகும் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். நம் ஊர்களில் சுத்திகரித்த நீரை விடும் ஏரி பச்சைப் பசேலென்று ஆவதன் காரணம் இதுதான். சுத்திகரிப்பு நிலையம் சரியாக ஓடினாலும், உரச்சத்தை நீக்குவதற்கென்று தனியாக அமைக்காவிட்டால் ஏரிக்குப் போவது கரைத்துவிட்ட உரம்தான்.

கொல்கத்தாவின் சாக்கடை நாளைக்குச் சுமார் 75 கோடி லிட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜனும் 6 மில்லிகிராம் பாஸ்பரஸும் இருப்பது சாதாரணம். அப்படியே வைத்துப் பெருக்கினால் நாளைக்கு 30 டன் நைட்ரஜன், நாலரை டன் பாஸ்பரஸ். இந்த வாரம் முழுக்கப் பின்தொடரப் போவது இந்த 30 டன்னையும் நாலரை டன்னையும்தான். எந்த வாசல் வழியாக எவ்வளவு வெளியே போகிறது?

செவ்வாய் | பான்தலா மதகு

சயன்ஸ் சிட்டியிலிருந்து பசந்தி நெடுஞ்சாலையில் கிழக்கே போகும் பேருந்து எதில் ஏறினாலும் பான்தலாவில் இறங்கலாம். சாலையை ஒட்டியே கால்வாய் ஓடுகிறது. மூக்கு முதல் பத்து நிமிடம் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும்.

பான்தலா மதகு இந்த முழு ஏற்பாட்டின் கழுத்து. கால்வாயில் நீர்மட்டம் உயர்ந்து நின்றால் பக்கக் கால்வாய்கள் வழியாகச் சாக்கடை தானாகவே பேரிகளுக்குப் பாயும். மோட்டார் வேண்டாம், மின்சாரச் செலவு இல்லை. மட்டம் தாழ்ந்தால் பேரிகள் காயும், அல்லது டீசல் எஞ்சின் வைத்து இறைக்க வேண்டும். மழைக்காலத்தில் நகரத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: தெருவில் தண்ணீர் நிற்கக் கூடாது, ஆகவே கால்வாய் தாழ்ந்திருக்க வேண்டும். மீன்காரருக்கும் வடிகால் பொறியாளருக்கும் இடையே உள்ள இந்த இழுபறி, மதகுக் கதவு எத்தனை அடி உயர்கிறது என்பதில் வந்து நிற்கிறது. உயிரியலை எவ்வளவு அழகாகப் பேசினாலும், கதவைத் திறக்கும் ஆள் சரியான நேரத்தில் திறக்காவிட்டால் பாசிக்குச் சாப்பாடு இல்லை.

இரண்டாவது தொல்லை வண்டல். பக்கக் கால்வாயில் ஓட்டம் மெதுவாவதால் கசடு அங்கேயே படிகிறது. தூர்வாராத கால்வாயின் கடைமடைப் பேரிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம் நீரும் நிறைய நாற்றமும்தான். கடைமடை விவசாயியின் புலம்பலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தோல். டாங்ரா, டாப்சியா, தில்ஜலா பகுதிகளில் இருந்த தோல் பதனிடும் ஆலைகளை இடம் மாற்றச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றுக்கான வளாகம் இதே பான்தலாவில் எழுந்தது. தோல் பதனிடுவதில் குரோமியம் பயன்படுகிறது. பாசியும் செடியும் அம்மோனியாவை உடம்பாக மாற்றிவிடும், பாக்டீரியா அழுக்கைக் காற்றாக்கிவிடும், குரோமியத்தை எதுவும் ஒன்றும் செய்ய முடியாது. அது சேற்றுக்குள்ளோ வேருக்குள்ளோ இடம் மாறும், அவ்வளவுதான். ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் ஒரே கால்வாயில் கலக்கக் கூடாது என்பதே இத்தகைய ஏற்பாடுகளின் முதல் விதி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் யாராவது இதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டால், முதலில் இந்த ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொண்டு வரவும்.

புதன் | வடிந்து கிடக்கும் பேரி

குளிர்காலத்தில் வந்தால் ஒரே வட்டாரத்தில் பேரிகளை வெவ்வேறு கட்டத்தில் பார்க்கலாம்: ஒன்று வடிந்து கிடக்கும், ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் வலை வீசுவார்கள். மே மாதம் வந்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

வடிந்த பேரியில் முதலில் கண்ணில் படுவது கரையோரமாக உள்ளே சுற்றி ஓடும் பள்ளம். அகலம் 2 முதல் 3 மீட்டர், குளத்தின் தரையைவிட 30 முதல் 40 சென்டிமீட்டர் தாழ்வு. இது வண்டல் பிடிக்கும் வாய்க்கால். உள்ளே வரும் சாக்கடையின் கனமான கசடும், குடற்புழு முட்டைகளில் பெரும்பகுதியும் இதற்குள் தங்கும். ஆண்டுக்கொரு முறை இதை வெட்டி எடுத்துக் கரையில் போட்டு மண் அணைக்கிறார்கள். நடுக்குளத்தைத் தோண்டத் தேவையில்லாமல் ஓரத்தை மட்டும் தூர்வாரினால் போதும் என்கிற ஏற்பாடு.

நீரை வடித்த பிறகு தரை வெடிக்கும்வரை காயவிடுகிறார்கள். காய்வது வெறும் சடங்கு இல்லை. ஓராண்டு காற்றில்லாமல் கிடந்த கருஞ்சேற்றில் சல்பைடும் அரைகுறையாக அழுகிய பொருளும் சேர்ந்திருக்கும். வெயிலும் காற்றும் பட்டால்தான் அவை ஆக்சிஜனேற்றம் அடைந்து தீரும். காயாத சேற்றின்மேல் புதுச் சாக்கடையை விட்டால், அடியில் இருக்கும் ஆக்சிஜன் பசி மேலே ஊறும் ஆக்சிஜனையெல்லாம் விழுங்கிவிடும். காய்ந்தபின் லேசாக உழுது, சுண்ணாம்பு ஹெக்டேருக்கு 200 முதல் 300 கிலோ தூவலாம். முழுதும் வடிக்க முடியாத குளத்தில் விரால், கெளுத்தி போன்ற கொன்று தின்னும் மீன்கள் மிஞ்சியிருக்கும். அங்கே இலுப்பைப் புண்ணாக்கு போடுவது வழக்கம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ. மீனைக் கொன்றுவிட்டு அதுவே உரமாகிவிடும். நஞ்சு அடங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதுவரை குஞ்சு விடக் கூடாது.

அடுத்தது நிரப்புதல். மதகு வாயில் மூங்கில் தட்டி கட்டி, ஆழம் அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் நிற்கும்படி சாக்கடையை விடுகிறார்கள். அதற்கு மேல் ஆழம் வைத்தால் அடி வரை வெளிச்சம் இறங்காது. நிரப்பிவிட்டுப் பதினைந்து இருபது நாள் சும்மா விட வேண்டும். சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை, இடையிடையே வலையையோ மூங்கிலையோ இழுத்துத் தண்ணீரைக் கலக்கி விடுகிறார்கள். அடியில் காற்றில்லாப் படுகை தனியாக இறுகிவிடாமல் இருக்க இது. இந்த நாட்களில் கருஞ்சாம்பல் நீர் முதலில் பழுப்பாகி, பிறகு வெளிர்பச்சை ஆகிறது. பச்சை வந்ததும் நேராகக் குஞ்சுகளைக் கொட்டுவதில்லை. கொஞ்சம் மீனை விட்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, அதன்பின்தான் முழு இருப்பும். ஆய்வகச் சோதனையைவிட மலிவான சோதனை. ஆனால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது.

குஞ்சு விட்டபின் சாக்கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். குளத்து நீரோடு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நான்கு வரை கலப்பு விகிதம் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. அழுகும் பொருளின் சுமை, அதாவது பி.ஓ.டி., ஹெக்டேருக்கு நாளைக்கு 10 முதல் 30 கிலோவுக்குள் இருந்தால் மீன் தாங்கும். திறந்துவிடும் நேரமும் முக்கியம்: வெயில் ஏறிய காலையில். மாலையில் விட்டால் இரவெல்லாம் பாக்டீரியா ஆக்சிஜனைக் குடித்து, விடியும்போது மீன் மிதக்கும்.

வியாழன் | பச்சைத் தண்ணீரின் ஒரு பகல்

இன்று முழுக்க ஒரே பேரிக்கரையில். விடியலுக்கு முன்பே வந்தால்தான் பாசியின் வேலை பிடிபடும்.

விடியுமுன் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்த நேரம். இரவில் பாசியும் சுவாசிக்கிறது, பாக்டீரியாவும் சுவாசிக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மேல்நீரைக் குடித்துக்கொண்டிருந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கரையில் ஆள் நடந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டால் சமாளிக்கலாம், கைதட்டினாலும் அசையாமல் வாய் பிளந்து நின்றால் உடனே நல்ல தண்ணீர் இறைக்க வேண்டும்.

வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜனை விடுகிறது. ஒரு கிராம் பாசி வளர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிராம் ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் நீர் இயல்பாகக் கொள்ளும் அளவு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான், ஆனால் நடுப்பகல் தாண்டியதும் அடர்பச்சைக் குளத்தில் அதைப் போல இருமடங்கு வரை ஏறுவதுண்டு. அழுகும் பொருளைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இந்த ஆக்சிஜன்தான் முதல். மின்சாரத்தில் ஓடும் காற்றூதிக்குச் சம்பளமில்லாத மாற்று.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கரியமில வாயு தீரத் தீர நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, காரத்தின் பக்கம் ஏறுகிறது. காலையில் ஏழரை, பிற்பகலில் ஒன்பதுக்கு மேல். அம்மோனியம் அயனிக்கும் அம்மோனியா வாயுவுக்கும் இடையே உள்ள சமநிலை அப்போது குடைசாய்கிறது. 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 விழுக்காடுகூட வாயு வடிவில் இல்லை. பி.எச். 8-இல் ஏழெட்டு விழுக்காடு. பி.எச். 9-இல் ஏறக்குறையப் பாதி. இந்த வாயுவில் ஒரு பங்கு காற்றோடு போகும், அது நைட்ரஜன் வெளியேறும் முதல் வாசல். மிச்சம் மீனின் செவுளைச் சுடும். அயனியாகாத அம்மோனியா லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டாமல் வைத்திருப்பது நல்லது. அதனால்தான் அடர்பச்சைக் குளத்தில் பிற்பகலில் புதுச் சாக்கடை விடுவது இரட்டைத் தவறு: அம்மோனியமும் சேர்கிறது, அதை நஞ்சாக்கும் பி.எச்.சும் உச்சத்தில் இருக்கிறது.

இரண்டாவது வாசல் சேறு. மேல்நீரில் ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகிறது. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏழு கிராமுக்குச் சற்று மேலாகக் காரத்தன்மையை, சுண்ணாம்புக்கல் கணக்கில், இது தின்றுவிடும். அந்த நைட்ரேட் சேற்றின் காற்றில்லா அடுக்குக்குள் இறங்கினால் வேறொரு வகைப் பாக்டீரியா அதைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். ஆழமில்லாத, பகலில் ஆக்சிஜன் மிகுந்து இரவில் குறையும் குளம் இதற்குத் தோதான இடம்.

பாஸ்பரஸுக்கு இப்படிக் காற்றுவழி கிடையாது. பி.எச். ஒன்பதைத் தாண்டும் பிற்பகலில் கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். இரும்போடு ஒட்டிக் கொஞ்சம் சேற்றில் உட்காரும். ஆனால் சேறு காற்றிழந்தால் இரும்பு கரைந்து, ஒட்டியிருந்த பாஸ்பேட்டை மறுபடி தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். சேற்றில் படிந்தது என்பது வைப்புநிதி இல்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கப்படும் நடப்புக் கணக்கு.

இனி பாசி எடுத்துக்கொள்ளும் பங்கு. உலர்ந்த பாசியில் 6 முதல் 9 விழுக்காடு நைட்ரஜன், சுமார் 1 விழுக்காடு பாஸ்பரஸ். ஒரு சதுர மீட்டரில் நாளைக்கு 10 கிராம் உலர்பாசி வளர்ந்தால் ஹெக்டேருக்கு 100 கிலோ. அதில் 7 கிலோ நைட்ரஜனும் 1 கிலோ பாஸ்பரஸும் அடங்கும். கேட்க அபாரமாக இருக்கிறது. ஆனால் பாசி செத்தால்? சில நாட்களில் அத்தனையும் மீண்டும் அம்மோனியமாகவும் பாஸ்பேட்டாகவும் கரைந்துவிடும். பாசி உறிஞ்சியது நீக்கம் ஆகாது. உறிஞ்சிய பாசியைக் குளத்தைவிட்டு வெளியே எடுத்தால்தான் நீக்கம். பாசியை வைத்துச் சுத்திகரிப்பதாகச் சொல்லும் எந்தத் திட்டத்திலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எடுப்பது யார், எதைக் கொண்டு, எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது. பாசியின் ஒவ்வொரு உயிரணுவும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். வலையில் சிக்காது, எளிதில் படியாது, வடிகட்டினால் துணி அடைத்துக்கொள்ளும். மையவிலக்கு எந்திரம் வைத்துப் பிரித்தால் மின்சாரக் கட்டணம் பாசியின் விலையை விழுங்கிவிடும்.

கொல்கத்தா இதற்குக் கண்ட விடை மீன். வெள்ளிக்கெண்டையின் செவுளே நுண்வடிகட்டி. ஜிலேபி மீனும் பாசியை மேயும். கட்லா, பாசியைத் தின்னும் நுண்விலங்குகளை மேலே பிடிக்கும், ரோகு நடுவில், மிர்கால் அடியில் மக்கைக் கிளறும். அடியைக் கிளறுவதும் ஒரு வேலைதான்: சேறு இறுகாமல் இருக்கும், கலக்க மூங்கில் இழுப்பது குறையும்.

பச்சை எவ்வளவு அடர்த்தி இருக்கலாம் என்பதற்குக் கருவி வேண்டாம். முழங்கைவரை கையை நீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் பாசி போதாது, சாக்கடை விடலாம். மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை மூழ்கும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் நிறுத்த வேண்டும். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 20 முதல் 30 சென்டிமீட்டரில் மறைவது நல்ல நிலை. மேலே பச்சை பெயின்ட் கொட்டினாற்போல் ஆடை படர்ந்து, காற்றடிக்கும் மூலையில் ஒதுங்கினால் அது நீலப்பச்சைப் பாசி. மீனுக்கு எளிதில் செரிக்காது, சிலவற்றில் நஞ்சும் உண்டு, மீனுக்கு மண்வாடை ஏற்றிவிடும். மேகமூட்டம் தொடர்ந்து நாலு நாள் இருந்து பச்சை திடீரென்று பழுப்பானால் பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று பொருள். சாக்கடையை அடைத்துவிட்டு நல்ல நீர் இறைப்பதும், விற்கும் அளவில் இருக்கும் மீனை அன்றே பிடித்துவிடுவதும்தான் வழி.

வெள்ளி | ஆகாயத்தாமரை

பேரிகளின் கரையை ஒட்டி, மூங்கில் கழி நட்டுத் தடுத்து, இரண்டு மூன்று மீட்டர் அகலப் பட்டையாக ஆகாயத்தாமரையை வளர்க்கிறார்கள். வங்காளத்தில் கொச்சுரிபானா. நம் ஊரில் ஏரியின் எமன். இங்கே வேலைக்காரன், ஆனால் கயிறு கட்டிய வேலைக்காரன். அலை கரையை அரிக்காமல் தடுக்கும், வெயிலில் மீனுக்கு நிழல், உள்ளே வரும் நீரின் கசடை வேர் பிடிக்கும்.

ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தால் காரியம் புரியும். வேர்க்கொத்து ஒரு முழத்துக்கு, கருநீலத்தில், விரலால் உருவினால் சாம்பல் நிறச் சளி வரும். அந்தச் சளிதான் பாக்டீரியாப் படலம். வேரின் வழியாக இறங்கும் சிறிதளவு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு அம்மோனியத்தை மாற்றுகிறது. அழுக்கைச் செடி தின்கிறது என்பதில் பாதிதான் உண்மை, மறுபாதி வேரில் குடியிருப்பவர்களின் வேலை.

முழுக் குளத்தையும் மூடவிட்டால் என்ன ஆகும்? அடியில் வெளிச்சம் இல்லை, பாசி இல்லை, காற்று கலக்கவும் இடமில்லை. மீன் சாகும். கொசுவும் சேரும்: மான்சோனியா கொசுவின் புழு இந்த வேரைத் துளைத்தே சுவாசிக்கிறது, மேலே வராததால் நீர்மேல் எண்ணெய் விட்டாலும் சாகாது. ஒரு விதிவிலக்கு உண்டு. மீனில்லாத கடைசிக் குளத்தை வேண்டுமென்றே மூடினால், நிழலில் பாசி செத்துப் படிந்து வெளியேறும் நீர் தெளியும். அங்கே அடிச்சேற்றை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும்.

கணக்குக்கு வருவோம். ஆகாயத்தாமரை 95 விழுக்காடு தண்ணீர். ஒரு டன் பச்சைச் செடியில் உலர்பொருள் 50 கிலோ. அதில் இரண்டரை விழுக்காடு நைட்ரஜன் என்றால் ஒன்றேகால் கிலோ, பாஸ்பரஸ் 200 கிராம். ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றும் நைட்ரஜனை 8 கிராம் என்று கொண்டால், அதை மட்டும் ஈடுகட்ட நாள்தோறும் 6 கிலோவுக்கு மேல் செடியை வெளியே எடுக்க வேண்டும். 500 பேருள்ள ஊருக்குத் தினமும் 3 டன்னுக்கு மேல். லாரிக் கணக்கு. ஒரு முறை நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் திட்டங்கள் தோற்பது இங்கேதான். எடுக்காத பட்டை நெருங்கி, அடியில் அழுகி, உறிஞ்சியதைத் திருப்பித் தரும். சதுர மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோ மிஞ்சும்படி வாரந்தோறும் பகுதி பகுதியாக அறுத்தால் செடி இளமையாக இருந்து உறிஞ்சுவதும் நிற்காது.

அறுத்ததை ஏரிக்கரையிலேயே குவிக்கும் நம்மூர் வழக்கம் பெரிய தவறு. முதல் மழையில் சத்தெல்லாம் கரைந்து ஏரிக்கே திரும்பும், துண்டுகள் முளைக்கும். நீர்ப்பிடிப்புக்கு வெளியே கொண்டுபோய், நறுக்கி, சாணத்தோடு அடுக்கி, இரண்டு மூன்று மாதம் மக்கவிடலாம். ஆலைக்கழிவு கலக்கும் இடமென்றால் எருவாக்கக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது. உலோகம் இலையைவிட வேரில் பல மடங்கு தங்கும்.

நீர்மேல் பச்சைத் தூளைத் தூவினாற்போல் மிதக்கும் லெம்னாவும் இங்கே உண்டு, குதிபானா என்கிறார்கள். உரச்சத்து மிகுந்த நீரில் உலர் எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல் புரதம். புல்கெண்டைக்கும் வாத்துக்கும் நேரடித் தீவனம், ஆகவே எடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. பங்களாதேஷின் மிர்சாபூரில் ஒரு மருத்துவமனை வளாகக் கழிவுநீரை இதைக் கொண்டே சுத்திகரித்து மீனுக்குப் போட்டுக் காட்டினார்கள். காற்றில் ஒதுங்கிவிடும் என்பதால் நாலைந்து மீட்டர் சதுரங்களாக மூங்கில் மிதக்கவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாளாவது வழித்தெடுக்க வேண்டும். சத்து தீர்ந்துவிட்டதா என்று அறிய வேரைப் பாருங்கள்: நல்ல சத்து இருந்தால் வேர் குட்டை, தீரத் தீர நீளும்.

சனி | பாமன்காட்டாச் சந்தையும் தாபாவும்

விடியற்காலையில் ஏலம். அலுமினிய அண்டாவில் கொஞ்சம் தண்ணீரோடு உயிர்மீன், பக்கத்தில் ஒருவர் கையால் அடித்துக்கொண்டே இருக்கிறார். காற்றூட்டும் எந்திரம் அந்தக் கைதான். முக்கால் மணி நேரத்தில் நகரத்துச் சந்தைக்குப் போய்விடும்.

இந்த ஈரநிலத்தின் மீன் விளைச்சல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அளவு என்று சொல்வார்கள். மீனின் எடையில் இரண்டரை விழுக்காடு நைட்ரஜன் என்றால் 250 டன். பாஸ்பரஸ் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, 45 டன் என்று வைக்கலாம். திங்களன்று போட்ட கணக்கில் சாக்கடையின் ஆண்டுச் சுமை 11,000 டன் நைட்ரஜனும் 1,600 டன் பாஸ்பரஸும். மீன் வழியாக வெளியேறுவது 2 அல்லது 3 விழுக்காடுதான். சாக்கடை முழுவதும் பேரிக்குள் நுழைவதில்லை என்பதைக் கழித்துப் பார்த்தாலும் பெரிய பங்கு மீனுக்கு இல்லை. நைட்ரஜனின் பெரும்பங்கு காற்றுக்கு, பாஸ்பரஸின் பெரும்பங்கு சேற்றுக்கும், பேரி வடிக்கும்போது கீழே பாயும் நெல்வயலுக்கும், மிச்சம் கால்வாயோடு குல்டிக்கும். மீனே எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறது என்பது மிகை. மீன் செய்வது வேறு: பாசியை இடைவிடாமல் மேய்ந்து இளமையாக வைக்கிறது, இந்த வேலையைச் செய்ய ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறது. கூலி இல்லாத சுத்திகரிப்பு மூன்றாம் ஆண்டில் புதர் மண்டும்.

அங்கிருந்து தாபா, கொல்கத்தாவின் குப்பை வந்து சேரும் இடம். நகரக் குப்பையை மக்கவைத்து மேடாக்கி, மேடுகளுக்கிடையே நீளமான சாக்கடைக் குட்டைகளை விட்டு, அதிலிருந்து மொண்டு ஊற்றிக் காய்கறி விளைவிக்கிறார்கள். பூக்கோசு, முட்டைக்கோசு, முள்ளங்கி, செங்கீரை, சோளம். குட்டையில் தங்கும் நாட்களில் கசடு படிந்துவிடுகிறது, உரம் தனியாக வாங்குவதில்லை. குப்பையில் பேட்டரியும் பெயின்டும் கலந்தபின் உலோகக் கவலை இங்கே பேரியைவிட அதிகம். குறிப்பாகக் கீரையில்.

இதையெல்லாம் வரைபடமாக்கி, கணக்கிட்டு, உலகத்துக்குச் சொன்னவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். 1992-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இங்கே நிலம் நிரப்புவதைத் தடுத்தது, 2002-இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 2006-இல் இதைக் காக்க மாநிலச் சட்டம் வந்தது. கட்டடங்கள் இன்னமும் விளிம்பைக் கடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஞாயிறு | சிறிய அளவில் செய்வதானால்

இந்த வாரப் பதிவுகளைப் படிப்பவர்கள் கேட்கக்கூடியது ஒன்றே: எங்கள் ஊரில் முடியுமா? 500 பேர், ஆளுக்கு 80 லிட்டர், நாளைக்கு 40,000 லிட்டர் என்று வைப்போம். அழுகும் பொருள் ஆளுக்கு 40 கிராம், மொத்தம் 20 கிலோ. குளிர்மாதத்தில் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினாலும் ஹெக்டேருக்கு 250 கிலோ தாங்கும் முதல் பாசிக்குளம் போதும்: 800 சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், ஒரு மாதத் தங்கல். இதில் மீன் விடக் கூடாது. அடுத்து மீன்குளம். அதற்கு நைட்ரஜன் ஹெக்டேருக்கு நாளைக்கு 4 கிலோ என்பது நன்கு சோதித்த அளவு. ஆளுக்கு 8 கிராம் என்றால் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். 500 பேருக்கு. இந்த நிலம் இல்லாதவர்கள் மீன் ஆசையை விட்டுவிட்டு, முதல் குளத்து நீரை நேராகத் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ விடுவது நல்லது. புல் அறுத்து மாட்டுக்குப் போவதும் வெளியேற்றம்தான்.

மீன்குளத்து நீரில் மலக்கிருமி நூறு மில்லிலிட்டருக்கு 1,000-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1989-இல் சொன்ன அளவு. பிடிக்கும் முன் சாக்கடையை இரண்டு வாரம் நிறுத்தி, முடிந்தால் நல்ல நீர்த் தொட்டியில் சில நாள் வைத்திருந்து விற்கலாம். கிருமி சதையைவிடக் குடலில்தான் அதிகம், ஆகவே குடல் எடுத்த பலகையிலேயே சதையை வெட்டக் கூடாது. நன்கு வேகவைத்தால் கிருமிக் கவலை இல்லை. குளத்தில் இறங்குபவர்களின் காலில் புண் இருந்தால் அன்று கரை வேலை மட்டும்.

நேரில் பார்க்க விரும்பினால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். சிங்ரிகாட்டா பக்கத்துப் பேரிகள் நகரத்தை ஒட்டியவை, ஆனால் வேலையை முழுதாகப் பார்க்கப் பான்தலாவைத் தாண்டித்தான் போக வேண்டும். பேரிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தனியாருக்கோ சொந்தம், கரையில் காவல் குடிசை இருக்கும், கேட்டுக்கொண்டு உள்ளே போகவும். விலை கேட்டுப் பேச்சைத் தொடங்கினால் பதில் வரும், சாக்கடை எவ்வளவு விடுகிறீர்கள் என்று தொடங்கினால் வராது.